ஓவனில் வைத்த கிராபிக்ஸ் கார்டு

சென்ற வாரம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவரும் அவருடைய அம்மாவும் நாகர்கோவிலில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். மாணவர் ஒரு துவாலைப் பொதியைப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரவைக்கும் பலகை) ஒன்று இருந்தது. விசிறியின் வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பான் மெழுகுபோல வழிந்திருந்தது, பலகையின் ஓரம் பழுப்பேறியிருந்தது, ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) கழன்று தனியாகக் கிடந்தது. "அண்ணா, இதைச் சரி பண்ண முடியுமா?" என்று அவர் கேட்பதற்குள் அம்மா குறுக்கிட்டார்: "தம்பி, அந்த ஓவன்ல இனி கேக் போடலாமா, சொல்லுங்க." அவர் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர். பழுதான கார்டைச் சூடாக்கினால் உயிர் வரும் என்று நம்பி, மகன் அதை அலுமினியத் தாளில் சுற்றி, அவருடைய ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்திருக்கிறார். அதிலும் உயிர் வராததால் நண்பரிடம் ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) வாங்கி நேரடியாகச் சிப்பின் மீது காட்டியிருக்கிறார். இந்த ஆண்டில் இப்படிச் சுடப்பட்டு என்னிடம் வந்த ஐந்தாவது கார்டு இது. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்டு முதலில் எப்படிப் பழுதானது என்று கேட்டேன். கார்டை மாட்டினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை, கழற்றினால் ஆகிறது என்றார். இந்த ஒரு வரியிலேயே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிடுகிறது. கார்டின் 12 வோல்ட் வழியில் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டு பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது என்பதே அதன் பொருள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது எட்டு முனை இணைப்பானுக்குப் பக்கத்தில் இருந்த, அரிசியில் பாதியளவு கூட இல்லாத ஒரு செராமிக் கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தது. அதை எடுத்ததும் 12 வோல்ட் வழி தெளிந்துவிட்டது. சில ரூபாய் மதிப்புள்ள பொருள், அரை மணி நேர வேலை. ஆனால் அதற்குள் ஹீட் கன் பட்ட சிப்பின் பச்சை அடித்தட்டில் கடுகளவில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. ஆறு மெமரி சிப்களில் ஒன்று தன் இடத்திலிருந்து சற்றே நகர்ந்து சாய்ந்திருந்தது. பிழைத்திருக்க வேண்டிய கார்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை, ஏனென்றால் அந்தப் பணம் அவருடைய கேக் ஆர்டர்களிலிருந்து வந்தது.

"வாரண்டிதான் இல்லையே அண்ணா, போனால் போகிறது என்று செய்து பார்த்தேன்" என்றார் மாணவர். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். வாரண்டி இல்லாத கார்டு பழுதானவுடனேயே அது செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, செத்ததை என்ன செய்தால் என்ன என்ற மனநிலைக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் வாரண்டி உள்ள கார்டைவிட வாரண்டி இல்லாத கார்டிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். மாற்றிக் கொடுக்க யாரும் இல்லாத நிலையில், அந்தப் பலகையில் இன்னும் நல்ல நிலையில் இருக்கும் பாகங்கள் மட்டுமே உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் பணம்.

இந்த ஓவன் வைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு சொன்னாலும் இது ஓய்வதாக இல்லை. 2007, 2008 வாக்கில் ஒரு தலைமுறை கிராபிக்ஸ் சிப்கள் கூட்டம் கூட்டமாகப் பழுதாயின. லேப்டாப் சிப்களில் பயன்படுத்திய பொருள்கள் பலவீனமாக இருந்ததற்காக, அந்தச் சிப்களைத் தயாரித்த என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்தது. அப்போது சிப்பைச் சூடாக்கினால் படம் திரும்பி வருவதைப் பலரும் கண்டார்கள். சிப்புக்கு அடியில் உள்ள சால்டர் (பாகங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகக் கலவை) குண்டுகள் விரிசல் விட்டிருந்தன, சூட்டில் அவை உருகி ஒட்டிக்கொண்டன என்று ஒரு விளக்கமும் அதோடு சேர்ந்து பரவியது. கேட்க நியாயமாக இருப்பதால் இன்றுவரை நம்பப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். இன்றைய கார்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஈயம் கலக்காத சால்டர். அது உருகத் தொடங்குவதே 217 டிகிரிக்கு மேல்தான். ஓவனை 200 டிகிரியில் வைத்துக் கார்டு பிழைத்ததென்றால், அங்கே எந்தச் சால்டரும் உருகவில்லை. அப்படியானால் பிழைத்தது எப்படி? நாம் சிப் என்று சொல்வது இரண்டு அடுக்கு கொண்டது. மேலே கண்ணாடிபோல மின்னும் சிலிக்கான் துண்டு, அதற்குக் கீழே பச்சை அடித்தட்டு. இரண்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய புள்ளிகள். பல கார்டுகளில் விட்டுப்போவது அந்த உள் இணைப்புதான். சூட்டில் பொருள்கள் விரிவடையும்போது விலகிய புள்ளி மறுபடி தொட்டுக்கொள்கிறது; சில நாளோ சில வாரமோ ஓடிய பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளியில் அதை இன்னொருவருக்கு விற்றுவிடுகிறார்கள் என்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார்டு பதினைந்தாம் நாள் நின்றுபோனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, 217 டிகிரியைத் தாண்டிவிட்டால் போதுமே என்று ஹீட் கன்னை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. பலகையும் சிப்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும் ஈரக் காற்று. அப்படி ஈரம் குடித்த சிப்பைத் திடீரென்று சுட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிளந்துவிடும். கருங்கல் மாணவரின் சிப்பில் நான் பார்த்த கொப்புளம் அப்படி வந்ததுதான். சிப்பைக் கழற்ற வேண்டிய நேரங்களில் நாங்கள் முதலில் பலகையை நூறு டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர வைக்கிறோம், பிறகு கீழிருந்தும் மேலிருந்தும் சீராகச் சூடேற்றுகிறோம். அதற்குரிய இயந்திரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. என் சக தொழிலாளர்களிலும் சிலர் சிப்பைச் சுட்டுப் படம் வரவைத்துக் கட்டணம் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அதைச் சர்வீஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்: அந்த ஓவனில் இனி உணவு செய்ய வேண்டாம். சூடேறிய ஃப்ளக்ஸ் (சால்டரோடு சேர்க்கும் பசை), பிளாஸ்டிக், தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) எல்லாவற்றின் புகையும் உள்சுவரில் படிந்திருக்கும். பழைய கார்டாக இருந்தால் ஈயமும் இருந்திருக்கும்.

இனி, கார்டு நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். கருகல் வாடை வந்திருந்தால் மறுபடி ஒருமுறைகூட ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் ஷார்ட்டான மாஸ்பெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) வழியாக 12 வோல்ட் நேராகச் சிப்புக்குள் இறங்கக்கூடும், சிப்புக்குத் தேவையோ ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். வாடை இல்லை, படம் மட்டும் வரவில்லை என்றால் மானிட்டர் கேபிள், பவர் கேபிள், ரேம் இவற்றை முதலில் பாருங்கள். கார்டில் குறையே இல்லாமல் என் கடைவரை வந்து திரும்பிய கார்டுகள் நிறைய. ஒரு பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிளை இன்னொரு பவர் சப்ளையில் செருகாதீர்கள். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், நல்ல கார்டும் அதில் போய்விடும். நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதிப்பதும் 12 வோல்ட் வழியில் ஷார்ட் இல்லை என்று அளந்து பார்த்த பிறகுதான். திரையில் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு மெமரி சிப்பில் கோளாறு, அதை மட்டும் தனியாக மாற்ற முடியும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு சொல்: பெரிய சிப்பின் முக்கிய மின்வழியில் ஒரு ஓமுக்குக் கீழே காட்டுவது இயல்பானது. பீப் சத்தம் கேட்டதும் ஷார்ட் என்று முடிவுகட்டி நல்ல மாஸ்பெட்களைக் கழற்றி எடுத்துவிடாதீர்கள்.

எல்லாப் பழியையும் மைனிங் (கார்டை இரவுபகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) மீது போடுவதும் சரியல்ல. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபோது ஏராளமான மைனிங் கார்டுகள் சந்தைக்கு வந்தது உண்மை. அவற்றில் விசிறி தேய்ந்திருக்கும், தெர்மல் பேட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம். குளச்சல், முட்டம் பகுதிகளிலிருந்து வரும் கார்டுகளில் உப்புக் காற்றால் சிறு பாகங்களின் கால்களில் பச்சை படிந்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கடலோர வீடுகளில் கம்ப்யூட்டரை ஜன்னலுக்கு அருகில் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வாரண்டி இல்லை என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். பல கார்டுகளுக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு, சில நிறுவனங்கள் சீரியல் எண்ணை வைத்தே அதைக் கணக்கிடுகின்றன. ஸ்டிக்கரைப் படம் எடுத்து நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு முன்பே ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு வந்து நிற்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடையில் பில்லோடு வாங்கியிருந்து, குறையை மறைத்து விற்றிருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்த வழி கிடைப்பது கடினம். அவர் அனுப்பிய செய்திகளும், 'டெஸ்டிங் வாரண்டி' என்று சொன்ன நாள் கணக்கும் மட்டுமே உங்களுக்குத் துணை என்பதால் அவற்றை அழிக்காதீர்கள்.

செலவைப் பற்றி என் வழக்கம் இது: சரிசெய்யும் கட்டணம் அதே கார்டின் இன்றைய செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். சிப்பே போயிருந்தாலும் அப்படித்தான். எந்தக் கடைக்குப் போனாலும் என்ன பாகம் போயிருக்கிறது என்று கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் கண்முன்னே ஒரு மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கார்டைக் கொண்டு வரும்போது கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியே கொண்டு வாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து பைக்கின் பின்னால் கேபினெட்டை வைத்துக் கட்டி, குழியில் விழுந்து விழுந்து வந்ததில், ஸ்லாட்டின் கொக்கிக்கு அருகே பலகையே விரிசல் விட்டுப்போன கார்டுகள் இரண்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன. துவாலையிலோ பாலித்தீன் பையிலோ சுற்ற வேண்டாம். கார்டு வாங்கியபோது வந்த நிலைமின் தடுப்புப் பை இருந்தால் நல்லது, இல்லையென்றால் வெறும் அட்டைப்பெட்டி போதும். கூடவே உங்கள் பவர் சப்ளையையும் அதன் கேபிள்களையும் எடுத்து வாருங்கள், அவற்றையும் சேர்த்து அளந்து பார்க்கிறேன்.