நாஷ்டா என்ன சாப்பிட்டே?

தாராவியில் ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளிக்கு மாதம் இரண்டு முறை போகிறேன். எடை, உயரம் பார்ப்பேன். இரத்தசோகை இருக்கிறதா என்று அறிய, கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பேன். உணவியல் ஆலோசகர் என்று அடையாள அட்டையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் 'டப்பா மேடம்'.

முதல் வருஷம் நான் சாப்பாட்டு டப்பாவை மட்டுமே பார்த்தேன். அதுதான் தப்பு. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, ஒன்பதரை மணிக்கே பெஞ்சில் தலை சாய்த்துவிடுவாள். டப்பாவில் குறையே சொல்ல முடியாது: மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. அவள் வீட்டில் இட்லிதான் தொழில். விடியுமுன் அவித்து, சைக்கிளில் ஏற்றி, ஆபீஸ் போகிற பாதி மும்பைக்கு விற்கிற குடும்பம். ஆனால் அந்த டப்பா திறக்காமலேயே வீடு திரும்பும்.

"காலையிலே நாஷ்டா என்ன சாப்பிட்டே கண்ணு?"

"சாய். காரி முக்கி சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

பைக்குள் கைவிட்டு, ஐந்து ரூபாய் வேஃபர் (இங்கே சிப்ஸுக்கு அதுதான் பெயர்) பாக்கெட்டின் கசங்கிய கவரைக் காட்டினாள்.

டீயும் காரி பிஸ்கட்டும் வேஃபரும் மைதா, சர்க்கரை, எண்ணெய், உப்பு. வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், டப்பாவைத் திறக்கத் தோன்றாது. சரி, டீ பாலில்தானே போடுகிறோம் என்று தாய்மார்கள் கேட்பார்கள். டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அந்தக் குழந்தைகள்தான் வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். வாரம் ஒரு முறை கொடுக்கிற இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும் சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய் டீயோடு விழுங்குகிறார்கள். தண்ணீரில் விழுங்கச் சொல்லுங்கள். டீ வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மதியச் சாப்பாடும் இதே காரணத்தால் வீணாகிறது. அரசுத் திட்டத்தின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். கணக்கில் 450 கலோரி, 12 கிராம் புரதம். கணக்கு சரிதான். ஆனால் கிச்சடி வருவதற்கு முன்னால் இன்னொரு பாக்கெட் உள்ளே போயிருந்தால், பருப்பும் காயும் வாளிக்குத்தான் போகும்.

என் முதல் பெற்றோர் கூட்டத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. பாதாம், மாதுளை, வண்ண வண்ணக் காய் என்று படம் போட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "மேடம், விடிகாலை நாலு மணிக்குத் தண்ணி வரும். பிடிச்சு வெச்சிட்டு ஏழு மணிக்கு மாட்டுங்காவிலே வேலைக்கு நிக்கணும். மாதுளையை எப்போ உரிக்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

இன்னொன்றும் செய்தேன், அது சிரிக்கிற விஷயமில்லை. நல்ல டப்பா கொண்டுவந்தால் சுவரில் மாட்டிய சார்ட்டில் ஒரு ஸ்டார். மூன்றாம் வாரம் ஒரு பையன் கழிப்பறைப் பக்கமே நின்றான். டப்பா கொண்டுவர வழியில்லாத பிள்ளை அவன். சார்ட்டை அன்றே கழற்றிவிட்டேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: பள்ளிக்கு வருவதற்கு முன் டீக்குப் பதிலாக ஏதாவது திடமாக உள்ளே போகட்டும். ராத்திரி படுக்கும்போது ஊறப்போட்ட கொண்டைக்கடலையைக் காலையில் குக்கரில் ஏற்றினால் நீங்கள் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் வெந்துவிடும். அவித்த முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறத்தாழ 7. இட்லி வீட்டில் இருந்தால் இட்லியே போதும், கூட ஒரு கரண்டி சாம்பார். ஊரில் ஆச்சி கொடுத்த மாதிரி, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கொடுங்கள். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

வகுப்பில் நான் செய்கிற ஒரே வித்தை சர்க்கரை வித்தை. மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒன்றை நீட்டி, லேபிளைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்வேன். போன தடவை 100 மில்லிக்கு 13 கிராம் என்று போட்டிருந்தது. பாட்டில் 150 மில்லி. ஒருவன் வந்து கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டான், ஐந்து. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரை இருபது கிராமுக்குப் பக்கத்திலேயே நின்றால் நல்லது. ஒரே பாட்டிலில் கோட்டா முடிந்தது. "மாம்பழம் எங்கே டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டம் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி இருக்கிறது. எங்கள் சந்தில் 50 மீட்டருக்குள் ஏழு கடை. விதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் யாரும் பேசக்கூட மாட்டார்கள். அதனால் வாசலுக்கு எதிர்க் கடை அண்ணாச்சியிடம் போய், வேஃபர் சரத்தைப் பின்னால் மாட்டி, கடலை மிட்டாயையும் அவித்த கடலையையும் முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு வாரம் யோசித்தார். இப்போது கடலை மிட்டாய் ஜாடி முன்னால் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஜூஸ் பாட்டில் வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது.

"அது ஓடுற சரக்கு மேடம்," என்கிறார்.