ஆண்டெனாவின் மறுபாதி கூரையில் இருக்கிறது

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரப் பொருள் விற்கும் வாசகர் ஒருவர், “பழைய கார்களில் முக்கால் மீட்டர் நீளத்துக்குக் கம்பி நின்றது, இப்போது சுறாத் துடுப்பு மாதிரி ஒரு சிறு மூடிதான் இருக்கிறது. இது எப்படிப் போதும்?” என்று கேட்டிருக்கிறார்.

ஆண்டெனாவின் உயரம் பெரும்பாலும் அலைநீளத்தில் கால் பங்கு. 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு அது 75 செ.மீ.; துடுப்புக்குள் அந்தக் கம்பியைச் சுருட்டி, ஒரு பெருக்கியையும் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். வாகனங்கள் தமக்குள் எச்சரிக்கை பரிமாறிக்கொள்ளும் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கோ சுமார் 13 மி.மீ. கம்பியே போதுமானது.

உண்மையில் வேண்டியது அரை அலைநீளம்; மீதிப் பாதியைத் தருவது கூரைத் தகடு. கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது தகட்டிலுள்ள எலெக்ட்ரான்களும் உடனுக்குடன் நகர்ந்து, தகட்டை ஒட்டிய கிடைமட்ட மின்புலத்தை அழித்துவிடுகின்றன. அதன் விளைவாக, கூரைக்கு அடியில் அதே உயரத்தில் இன்னொரு கம்பி தலைகீழாக நின்று அலை பரப்புவது போன்ற புலம் கூரைக்கு மேலே உருவாகிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கும் அதன் பிம்பத்துக்கும் மின்னோட்டத் திசை ஒன்றே என்பதால் இரண்டின் அலைகளும் கூடுகின்றன. அதே கம்பியைக் கூரையை ஒட்டிப் படுக்க வைத்தால் பிம்பத்தின் திசை எதிராகிவிடும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஆண்டெனா ஏறத்தாழ ஊமையாகிவிடும். எத்தனை முறை வகுப்பில் விளக்கினாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

அலைகள் தகட்டுக்கு மேலேதான் பரவுகின்றன. உள்ளே அமர்ந்திருப்பவரைக் கூரையே பெருமளவு காக்கிறது. ஆகவே, கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவதைவிட எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டலாம், செலவாவது குறையும்.

சிக்கல் தகட்டின் விளிம்பில் தொடங்குகிறது. முடிவில்லாத தகடாக இருந்தால் அலை கிடைமட்டமாகவே மிக வலுவாகப் பரவும். கார்க் கூரையோ வளைந்தது, சிறியது. விளிம்பில் அலை சிதறுவதால் வீச்சு வானத்தை நோக்கிச் சற்றுத் தூக்கிக்கொள்கிறது. ஆனால் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டிய, 300 மீட்டர் தொலைவில் வரும் லாரி கிடைமட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கூரை வைத்த கார்களில், துடுப்புக்கடியில் எஞ்சும் சிறு தகட்டுப் பட்டையை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால், முன்பக்கம் செல்லும் அலை மேலும் மெலிந்துவிடுகிறது.

இதையெல்லாம் கணினிப் பாவனையில் ஓரளவு கணிக்கலாம் என்றாலும், முழுக் காரையும் எதிரொலிப்பற்ற அறையில், அதாவது சுவர்கள் அலையைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிவிடும் அறையில், சுழற்றி அளந்தால்தான் உறுதியாகும். தரமணியில் ஒன்றிய அரசின் நுண்ணலை ஆய்வு அமைப்பான சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கும் இந்த நகரத்தில், பொறியியல் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் அப்படி அளந்து பார்க்க அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அளவீட்டில் முன்பக்கம் பலவீனம் என்று தெரிந்தால், துடுப்போடு நிற்காமல், முன்கண்ணாடியின் மேல்புறத்திலோ பக்கக் கண்ணாடிகளிலோ இரண்டாவது ஆண்டெனாவைப் பொருத்தி, எதில் சைகை வலுவாக இருக்கிறதோ அதைக் கருவியே தேர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கிறார்கள்.