மாட்ரிட் போக ஏழு மணி நேரம், திரும்ப எட்டுக்கு மேல்

நியூயார்க்கும் ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒன்று வடக்கே 40.7 டிகிரி, மற்றது 40.4. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்தால், அட்லாண்டிக்கைத் தாண்டி நேர் கிழக்கே போகும். விமானத்துக்கோ அது சுற்று வழி. குறுக்கு வழி வடகிழக்கே ஏறுகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையை ஒட்டினாற்போலப் போய், நடுக்கடலில் 46 டிகிரி வரை உயர்ந்து, பிறகு சரிந்து ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் விகோ நகரப் பக்கமாக உள்ளே நுழைகிறது.

பூமி உருண்டை என்பதால் வரும் வேடிக்கை இது. ஒரு குளோபை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே வடக்கே ஏறி உட்காரும். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் சுமார் 5,940 கி.மீ.; நூல் காட்டும் வழியில் 5,760 கி.மீ. மிச்சமாவது, திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஓர் அண்ணாச்சியின் மகள் நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் இருக்கிறாள். லீவுக்கு மாட்ரிட் போனவளை அவர் போனில் விமானம் போகும் வழியைக் காட்டும் படத்தை வைத்துப் பின்தொடர்ந்தார். வளைந்த கோட்டைக்கூட ஒத்துக்கொண்டார். நேரக் கணக்குதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

"என்னவே இது? போகையில ஏழு மணி நேரம்ங்கான், வரும்போது எட்டுக்கு மேலங்கான். பூமி கிழக்கே பாத்துதான சுத்துது? அப்போ மேற்கே வாற பிளேன் சும்மா நின்னாலே ஊரு பக்கத்துல வந்துரும்லா!"

நல்ல கேள்விதான். படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலி இருக்கும் அட்சரேகையில் தரை கிழக்கு நோக்கி மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது; விநாடிக்கு 450 மீட்டருக்கு மேல். அண்ணாச்சி சொல்வது சரியென்றால், ஜங்ஷனில் நின்று ஒரு விநாடி எம்பிக் குதிப்பவர் அரை கிலோமீட்டர் தள்ளி விழவேண்டும். அப்படி யாரும் விழுவதில்லை. தரை சுற்றும்போது நாமும் சுற்றுகிறோம், காற்றும் கூடவே சுற்றுகிறது, அந்தக் காற்றில் மிதக்கும் விமானமும் சுற்றுகிறது.

வித்தியாசத்தை உண்டாக்குவது, அந்தக் காற்று தன் பங்குக்குத் தனியாக ஓடும் ஓட்டம். விமானத்தின் வேகம் என்பது தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். குறுக்குத்துறையில் ஆறு நிறைய ஓடும்போது நீந்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கை வீசும் வேகம் ஒன்றுதான். கரையிலிருந்து பார்த்தால் ஒழுக்கோடு போகிறவன் பறக்கிறான், எதிர்த்து வருகிறவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

கணக்காகவே பார்க்கலாம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 5,760 கி.மீ. கடக்க 6 மணி 24 நிமிடம். பின்னாலிருந்து 100 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளினால் 5 மணி 46 நிமிடம். அதே காற்று எதிரே வந்தால் 7 மணி 12 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் 38 நிமிடம், வரும்போது நஷ்டம் 48. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் மாட்டிக்கொள்ளும் நேரமும் கூடிவிடுகிறது. ஓடுதளத்தில் உருள்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதற்கு மேல்.

அட்லாண்டிக்குக்கு மேலே ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் இந்த ஆற்றுக்கு ஜெட் காற்று என்று பேர். 1920களிலேயே ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இப்படியொரு காற்றைக் கண்டுபிடித்தார். உலகத்துக்குத் தெரியட்டும் என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். அதனாலேயே உலகம் அதைப் படிக்காமல் விட்டுவிட்டது.

சரி, காற்று ஏன் அப்படி ஓட வேண்டும்? தெற்கே வெதுவெதுப்பான காற்று விரிந்து உயர்ந்து நிற்கிறது; வடக்கே குளிர்ந்த காற்று சுருங்கிப் படிகிறது. ஆகவே 10 கி.மீ. உயரத்தில் அளந்தால் தெற்கே அழுத்தம் கூடுதல், வடக்கே குறைவு. காற்று வடக்கே நகரப் பார்க்கும். ஆனால் நியூயார்க் அட்சரேகையில் மணிக்கு 1,270 கி.மீ. வேகத்தில் சுழலும் தரை, 60 டிகிரியில் 835 கி.மீ.தான் சுழல்கிறது. தெற்கேயிருந்து கிளம்பிய காற்று தன் பழைய கிழக்கு வேகத்தை விடாமல் கொண்டுபோவதால், போகப்போகத் தரையை முந்திக்கொண்டு கிழக்கே திரும்பிவிடுகிறது. ஆக, பூமி சுற்றுவதற்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. அண்ணாச்சி நினைத்ததற்கு நேர் எதிர்த் திசையில்.

குளிர்காலத்தில் தெற்குக்கும் வடக்குக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம், காற்றும் அதிகம். 2020 பிப்ரவரியில், கியாரா என்ற புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. தரையைப் பொறுத்து அதன் வேகம் சில நேரம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,060தான். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை; தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

ஜெட் காற்று தினமும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. அதனால் வட அட்லாண்டிக்கில் வான்வழிகளையும் தினமும் புதிதாகப் போடுகிறார்கள். கிழக்கே போகும் இரவு வழிகளைக் கனடாவின் காண்டர் வான்போக்குவரத்து நிலையம் காற்றுக்குள் இழுத்துவிடும். மேற்கே வரும் பகல் வழிகளை பிரிட்டன், அயர்லாந்து பக்கத்து ஷான்விக் நிலையம் காற்றுக்கு ஒதுக்கிப் போடும். தூரம் கூடினாலும் நேரம் குறைந்தால் போதும் என்பதே கணக்கு.

அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் தனியாகப் பறந்தார். 33 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எதிர்த் திசையில் முதல் வெற்றி 1928 ஏப்ரலில்தான். டப்ளின் அருகிலிருந்து கிளம்பிய பிரெமென் விமானத்தில் மூன்று பேர். அவர்களும் நியூயார்க்கை எட்டாமல் கனடாவின் ஒரு சின்னத் தீவில் இறங்கினார்கள். இரு தரப்பாருமே தாழ்வாகப் பறந்தவர்கள், ஜெட் காற்று இவர்களுக்கு எட்டவில்லை. ஆனால் அங்கே கீழேயும் பெரும்பாலும் மேற்குக் காற்றுதான்.

"அப்போ நம்ம தலைக்கு மேலயும் இந்தக் காத்து ஓடுதா?" என்றார் அண்ணாச்சி.

ஓடுகிறது, ஆனால் வேறு காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டை வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும்போது, ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேல் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர் 1958இல் இதை விவரித்தார். விதி அதேதான். கோடையில் திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய நிலமும் சூடேறி, நமக்கு வடக்கே உள்ள காற்று தெற்கே இருப்பதைவிட வெப்பமாகிவிடுகிறது. வெப்பம் இடம் மாறினால் அழுத்தமும் மாறும், காற்றும் திசை மாறும். விமானங்கள் வழக்கமாக 10 முதல் 12 கி.மீ.யில் பறப்பதால், இந்தக் காற்றின் நடு ஓட்டம் மட்டும் அவற்றுக்கு எட்டுவதில்லை.