முதல் ஆட்டத்து முட்டை

1992 ஆகஸ்ட் மாதம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கையும் ஆஸ்திரேலியாவும் ஒரு டெஸ்ட் ஆடின. அந்த ஸ்கோர்கார்டை இன்று எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இலங்கை முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட்டுக்கு 547 குவித்து டிக்ளேர் செய்தது. குருசிங்க சதம், ரணதுங்க சதம். அன்றுதான் முதல் டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர் ரொமேஷ் களுவிதாரண ஆட்டமிழக்காமல் 132. ரன் மழை பெய்த அதே இன்னிங்ஸில் மர்வன் அத்தபத்து என்ற 21 வயது இளைஞர் முட்டை வாங்கினார். இரண்டாம் இன்னிங்ஸில் அவர் எடுத்தது 1. எதிரணியில் குண்டுக் கன்னத்தோடு ஒரு லெக் ஸ்பின்னர் 107 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்காமல் திரும்பினார். பெயர் ஷேன் வார்ன்.

அந்த நேரத்தில் யாராவது உங்களிடம் வந்து, இந்த மூவரில் யார் பெரிய ஆளாக வருவார் என்று கேட்டிருந்தால் களுவிதாரணவைத்தான் காட்டியிருப்பீர்கள். நானும்தான். அவர் 49 டெஸ்ட் ஆடி 26 சொச்சம் சராசரியோடு முடித்தார். அத்தபத்து 90 டெஸ்டில் 5,502 ரன், 16 சதம், அதில் ஆறு இரட்டைச் சதம், அப்புறம் கேப்டன் பதவி. வார்ன் 708 விக்கெட்.

இதை விதி, ஜாதகம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணிதம் போதும்.

ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குடவோலை முறை மாதிரி உள்ளே 41 சீட்டு. நாற்பதில் ‘ஒரு ரன்’ என்று எழுதியிருக்கிறது, ஒன்றில் மட்டும் ‘அவுட்’. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி குடத்திலேயே போட்டுக் குலுக்க வேண்டும். ‘அவுட்’ வரும்வரை எடுத்த ரன்கள்தான் உங்கள் ஸ்கோர். இப்படி ஆயிரம் தடவை ஆடினால் சராசரி 40க்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல டெஸ்ட் பேட்ஸ்மேனின் சராசரி அது.

இது நான் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. கிரிக்கெட் ஸ்கோர்கள் கிட்டத்தட்ட இந்த வடிவத்தில்தான் விழுகின்றன என்று 1945லேயே எல்டர்டன், வுட் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் புள்ளியியல் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள்.

இந்தக் குடம் சில வினோதங்களைக் காட்டும். சராசரி 40 என்றால் பாதி தடவையாவது 40ஐத் தாண்டுவார் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை. பாதி இன்னிங்ஸ்கள் 28க்குள்ளேயே முடிந்துவிடும். நூற்றுக்கு 22 தடவை பத்து ரன்னைக்கூட எட்டாது. அந்தச் சரிவையெல்லாம் எட்டு, ஒன்பது சதங்கள் தூக்கி நிறுத்தி 40க்குக் கொண்டுவருகின்றன. பேட்டிங் என்பது தினக்கூலி இல்லை, மாம்பழ வியாபாரம் மாதிரி. பல மாதம் ஒன்றும் இருக்காது, வந்தால் கூடை கூடையாக வரும்.

இப்போது ஒரே மாதிரி நூறு குடங்களை வரிசையாக வையுங்கள். நூறு பேர், நூறு பேருக்கும் அச்சு அசல் ஒரே திறமை. எல்லோரும் முதல் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸ் ஆடுகிறார்கள். கணக்குப்படி ஏறத்தாழ 16 பேர் குறைந்தது ஒரு சதம் அடித்துவிடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘அடுத்த நட்சத்திரம்’ என்று படம் வரும். ஐந்து பேர் இரண்டு இன்னிங்ஸிலும் ஒற்றை இலக்கத்தில் அவுட். அவர்களைப் பற்றி டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த 16 பேருக்கும் இந்த ஐந்து பேருக்கும் திறமையில் நூலிழை வித்தியாசம் கிடையாது.

சரி, எத்தனை இன்னிங்ஸ் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்? இந்தக் குடத்தில் ஒரு ஸ்கோருக்கும் இன்னொரு ஸ்கோருக்கும் உள்ள ஏற்ற இறக்கமும் சுமார் 40தான். பல இன்னிங்ஸ்களின் சராசரி எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் குறையும், ஆனால் மெதுவாக, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படிதான் குறையும். நான்கு இன்னிங்ஸில் அது 20. பதினாறு இன்னிங்ஸில் 10. நூறு இன்னிங்ஸ் ஆனால்தான் 4. அதாவது ஒருவர் எட்டு டெஸ்ட் ஆடி முடித்த பிறகும், அவருடைய 30 என்ற சராசரிக்குப் பின்னால் இருப்பது 40 ரன் ஆளா, 25 ரன் ஆளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாமோ இரண்டு இன்னிங்ஸ் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் பிராட்மனையே இப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். 1928 நவம்பரில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட்: 18, 1. ஆஸ்திரேலியா 675 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த டெஸ்டில் அவர் பன்னிரண்டாவது ஆள். மூன்றாவது டெஸ்டில் கூப்பிட்டார்கள்: 79, 112. இங்கிலாந்தின் லென் ஹட்டன் 1937இல் லார்ட்ஸில் 0, 1 என்று தொடங்கினார். அடுத்த ஆண்டே 364 அடித்து உலக சாதனை. அதே நாட்டின் கிரஹாம் கூச் 1975இல் எட்ஜ்பாஸ்டனில் இரண்டு முட்டை. இரண்டு டெஸ்டோடு கழற்றிவிட்டார்கள், மறுபடி உள்ளே வர 1978 ஆனது. முடித்தபோது கணக்கில் 8,900 ரன். நம்மூர் ரசிகர்களுக்கு நினைவிருக்கிற கதை தோனியுடையது. 2004 டிசம்பரில் சிட்டகாங்கில் முதல் ஒருநாள் ஆட்டம், முதல் பந்திலேயே ரன் அவுட். அதை வைத்து எடை போடுவதற்கு அங்கே ஒரு சீட்டுக்கூட எடுக்கப்படவில்லை.

பந்துவீச்சிலும் இதே கதை. வார்ன் தன் வாழ்நாளில் சுமார் 57 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார். 1992 ஜனவரியில் சிட்னியில், முதல் டெஸ்டில், அவர் வீசியது 45 ஓவர், அதாவது 270 பந்து. அந்தக் கணக்கில் நாலைந்து விக்கெட் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது ஒன்றுதான், அதுவும் ரவி சாஸ்திரி 206 அடித்த பிறகு. கொடுத்தது 150 ரன். முதிர்ந்த வார்னே வீசியிருந்தாலும் வெறும் துரதிர்ஷ்டத்தால் இப்படி நடக்க இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. போதாக்குறைக்கு எதிரே சாஸ்திரியோடு 18 வயது டெண்டுல்கரும் நின்று 148 அடித்தார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், அது சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1988 ஜனவரியில், திரும்புவதற்கென்றே போட்டது மாதிரியான ஆடுகளத்தில், நரேந்திர ஹிர்வானி மேற்கிந்தியத் தீவுகளை ஒரே ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்துச் சாய்த்தார். முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தவர்கள் இருவர்தான்: 1972இல் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸ்ஸி, பிறகு இவர். முதல் நான்கு டெஸ்டில் 36 விக்கெட். மீதி எல்லாம் சேர்த்து 13 டெஸ்டில் 30. ‘தலைக்கனம் ஏறிவிட்டது’, ‘கண் பட்டுவிட்டது’ என்றெல்லாம் இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். புள்ளியியல்காரர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்: சராசரியை நோக்கித் திரும்புதல். உச்சத்தில் இருக்கும் ஒரு முடிவில் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். அடுத்த தடவை திறமை கூடவே வரும், அதிர்ஷ்டம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கீழே விழுந்த ஹட்டன் மேலே வந்ததற்கும், மேலே போன ஹிர்வானி கீழே வந்ததற்கும் பெரும் பங்கு காரணம் ஒன்றேதான்.

ஆனால் எல்லாவற்றையும் குடத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அத்தபத்துவின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் குடம் உடைகிறது.

சதத்தில் குடம் ஏறக்குறைய சரியாகவே சொல்கிறது. நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்கிறது, அத்தபத்து அடித்தது 156 இன்னிங்ஸில் 16. முட்டையில்தான் தவறுகிறது. குடத்தின்படி 41இல் ஒரு தடவைதான் முட்டை விழ வேண்டும். அத்தபத்து வாங்கியது 22. ஏழு தடவைக்கு ஒன்று. பிராட்மனே 80 இன்னிங்ஸில் ஏழு முட்டை வாங்கியிருக்கிறார், கிட்டத்தட்ட 100 என்ற அவர் சராசரிக்கு ஒன்று வாங்கியிருந்தாலே அதிகம். ஆக, முதல் சில பந்துகளில் குடத்துக்குள் ‘அவுட்’ சீட்டு நிறையக் கிடக்கிறது. போகப் போக யாரோ அவற்றைப் பொறுக்கி வெளியே போடுகிறார்கள்.

பொறுக்கிப் போடுவது மூளை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டைக்கு வர ஏறத்தாழ அரை விநாடி. பார்த்துவிட்டு உடம்பை அசைக்கவே அதில் கால் விநாடிக்கு அருகில் போய்விடும். ஆகவே பந்தைக் கடைசிவரை பார்த்து அடிப்பது என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் நல்ல பொய். 2000இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மூன்று பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். இயந்திரத்திலிருந்து பந்து கிளம்புவதைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிப்போய்க் காத்திருக்கிறது. மூவரில் தேர்ந்தவரின் கண் சீக்கிரமாகத் தாவியது. விழும் இடத்தையும் நேரத்தையும் வைத்து, மட்டைக்கு எப்போது, எந்த உயரத்தில் வரும் என்று மூளை ஊகிக்கிறது.

ஆனால் அந்த ஊகத்துக்கு இன்றைய ஆடுகளம் எவ்வளவு எகிறும், எவ்வளவு மந்தம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது முதல் பந்தில் தெரியாது. பத்துப் பதினைந்து பந்து பார்த்த பிறகு மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ‘செட் ஆகிவிட்டார்’ என்று வர்ணனையில் சொல்வது இதைத்தான். புதிதாக வருபவருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியது. பந்துவீச்சாளரின் கையும் புதிது, வேகமும் புதிது. போதாததற்குப் பதற்றம். நெருக்கடியில் தேர்ந்த கை தன் வேலையைத் தானே கண்காணிக்கத் தொடங்கும், காலை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்கும். படி இறங்கும்போது எந்தக் காலை எடுத்து வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்குகிறதே, அது மாதிரிதான்.

அத்தபத்துவுக்கு 1990 நவம்பரில் சண்டிகரில் முதல் டெஸ்ட். இருபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள். இரண்டு முட்டை. அடுத்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, மேலே சொன்ன கொழும்பு: 0, 1. அதற்கடுத்தது 1994இல் அகமதாபாத்: இன்னும் இரண்டு முட்டை. ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன். அந்த ஆறையும் ஒதுக்கிவிட்டு மற்ற 150 இன்னிங்ஸை மட்டும் எடுத்தால் முட்டை 17. அந்த விகிதத்தில் ஆடுபவர் ஆறில் ஐந்து முட்டை வாங்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. உலகில் இதுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெஸ்ட் ஆடியிருப்பதால் யாராவது ஒருவர் இப்படி மாட்டுவது நடக்கக்கூடியதே என்று வாதாடலாம். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒற்றை டெஸ்ட், பிறகு நீண்ட வனவாசம், திரும்பி வரும்போது மறுபடி முதல் நாள் மாணவன். ‘அவுட்’ சீட்டு நிறைந்த குடத்தை அவர் கையில் மூன்று தடவை கொடுத்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

தேர்வுக்குழுவை ஏச இது காரணமாகாது. அவர்கள் கையில் முதல்தரப் போட்டிகளின் நீண்ட கணக்கு இருக்கிறது, அதில் நம்பகம் அதிகம். அதை இரண்டு டெஸ்டுக்காகத் தூக்கி எறியும்போதுதான் தப்பு நடக்கிறது. இன்னொரு விஷயம், இந்தக் கட்டுரையில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தவர்கள். முதல் ஆட்டத்தில் சொதப்பி, திரும்ப அழைக்கப்படாமலே போனவர்களில் எத்தனை கூச் இருந்தார்கள் என்பதை எந்த ஸ்கோர்கார்டும் காட்டாது. சொதப்பாமலே போனவரும் உண்டு. டிரினிடாட்டின் ஆண்டி கான்டூம் 1948இல் ஒரே ஒரு டெஸ்ட் இன்னிங்ஸ் ஆடினார், 112 அடித்தார். அதன்பின் அவரைக் கூப்பிடவே இல்லை. சராசரிப் பட்டியலில் பிராட்மனுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார்.

கொழும்பு டெஸ்ட் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. இலங்கைக்கு 181 தேவை. 2 விக்கெட்டுக்கு 127 என்று நின்றவர்கள் சரிந்தார்கள். அந்த இன்னிங்ஸ் தொடங்கும்வரை வார்னின் டெஸ்ட் கணக்கு 335 ரன்னுக்கு ஒரே விக்கெட். ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் பந்தை அவரிடமே கொடுத்தார். பதினோரு பந்தில், ஒரு ரன்கூடக் கொடுக்காமல், கடைசி மூன்று விக்கெட். ஆஸ்திரேலியா 16 ரன்னில் வென்றது.

அத்தபத்துவுக்கு இன்னும் ஐந்து ஆண்டு பிடித்தது. அகமதாபாத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு அணிக்கு வெளியே இருந்தார், திரும்பி வந்து பதினோரு இன்னிங்ஸில் 29ஐத் தாண்டவில்லை. முதல் சதம் 1997 நவம்பரில், பத்தாவது டெஸ்டில். அடித்த இடம் மொஹாலி, அவர் முதல் இரண்டு முட்டை வாங்கிய சண்டிகரை ஒட்டிய ஊர்.