கழுத்துப் பிடி (சோக்) வாங்கிப் பழகினால் கடலில் மூச்சு நிற்குமா?

இந்த மாதம் இன்னொருவர். வார இறுதியில் கோவளத்தில் சர்ஃபிங், மற்ற நாட்களில் சாயங்காலம் ஜியு-ஜிட்சு, அதாவது மெத்தை விரிப்பில் (மேட்) கட்டிப் புரண்டு பிடி போடும் சண்டைக் கலை. அலை புரட்டிப்போட்டால் தாக்குப்பிடிக்க வேண்டுமாம். அதற்காக அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகியிருக்கிறார். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். அடியில் அசைவில்லாமல் கிடந்தவரை வாட்ச்மேன் பார்த்ததால் பிழைத்தார். "மேட்ல எத்தனையோ தடவை சோக் வாங்கியிருக்கேன் டாக்டர், எனக்கு இது பழக்கம்தான்" என்று என்னிடமே விளக்கம் வேறு.

சர்ஃபிங்குக்கும் ஜியு-ஜிட்சுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரியோ டி ஜெனிரோவில் ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தின் ரிக்சன் கிரேசி அலையிலும் ஊறியவர். நீளப் பலகையில் அலையேறும் லாங்போர்டு சர்ஃபிங்கில் 1998, 2004 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற ஜோயல் டியூடர் ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை. சர்ஃபிங்கில் 11 முறை உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டரும் மேட்டில் புரண்டவர்தான். இடுப்பு இளகும், படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழ வரும், மேலே ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதும் பதறாமல் இருக்க வரும். அலைக்கடியில் பதறாதவருக்கு ஆக்ஸிஜன் மெதுவாகச் செலவாகும். மேட்டிலிருந்து கடலுக்குப் போகும் லாபம் அவ்வளவுதான்.

"வேகமா மூச்சு விட்டா ஆக்ஸிஜன் ஏறும்" என்பதை யார்தான் பரப்பினார்களோ! ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 சதவீதம் இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே எண்தான். நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவீர்கள்? அப்படி மூச்சு விடும்போது ஆக்ஸிஜன் ஏறுவதில்லை, கரியமில வாயுதான் வெளியேறுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைச் சக்தி ஏறுகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். "மூச்சு முட்டுது, மேலே போ" என்று மூளையை முதலில் உசுப்புவது கரியமில வாயுவின் அளவு. அதைத் துரத்திவிட்டு இறங்கினால் மூச்சு முட்டாது. முட்டாததால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்து, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சாவது இப்படித்தான்.

"பிராணாயாமம்தானே சார்?" என்று கேட்கிறார்கள். கபாலபாதியை வீட்டில் பாயில் உட்கார்ந்து செய்யுங்கள், யார் வேண்டாமென்றது? தண்ணீரில் இறங்கும் முன் வேண்டாம்.

அடுத்து, சோக். கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை நெரிப்பதுதான் நீங்கள் மேட்டில் வாங்குவது. நுரையீரலில் காற்று இருந்துகொண்டேதான் இருக்கும். நினைவு போனாலும் பிடியை விட்டதும் சில விநாடிகளில் கண் திறப்பீர்கள். கட்டாந்தரையில் கிடக்கிறீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறார். கடலில் நினைவு போனால் அடுத்த மூச்சு தண்ணீர். மேட்டில் போல ‘போதும்’ என்று கையால் தட்டினால் பிடியை விட அங்கே ஆள் கிடையாது. சோக்கில் பலமுறை மயங்கியதால் நீரில் மயங்காமல் இருக்க உடம்பு கற்றுக்கொள்ளாது. இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல்.

மூச்சடக்கப் பழகியே தீருவேன் என்றால், சொல்லித்தரத் தெரிந்தவரிடம் போங்கள். கண்ணை எடுக்காமல் உங்களையே பார்க்க ஒருவர் இல்லாமல் தண்ணீரில் மூச்சடக்கக் கூடாது. குளியல் தொட்டியிலும் கூடாது. நம் கரையில் சாதாரண அலை உங்களை அடியில் வைத்திருப்பது பெரும்பாலும் பத்து விநாடிக்குள்தான். அதற்கு மூன்று நிமிட மூச்சு எதற்கு?

இன்னொன்று, அரிது என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஜியு-ஜிட்சுவில் பாதி நேரம் முதுகை வளைத்துச் சுருண்டே கிடப்பீர்கள். போர்டிலோ குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கி மணிக்கணக்கில் கையாலேயே துடுப்புப் போட வேண்டும். உடம்பு கட்டாக இருக்கிறது என்று முதல் நாளே நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதீர்கள். முதல் முறை சர்ஃபிங் போனவர்களுக்குத் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால் விழுந்துபோவதை ஹவாய் மருத்துவர்கள் 2004-இல் பதிவு செய்தார்கள். போர்டில் திடீரென முதுகு வலித்து, கால் மரத்தால் கரைக்கு வாருங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தைலம் தேய்த்துத் தூங்கப் போகாதீர்கள்.

போர்டின் அடியில் இருக்கும் ஃபின் (துடுப்பு) கிழித்த காயத்தோடு மேட்டில் ஏறக் கூடாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றாது. படர்தாமரை இருந்தால் மூடி மறைக்காமல் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், இன்னும் நாலு பேருக்கு ஒட்டும்.

பயிற்சியாளர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். மேட்டில் மயங்கி எழுந்த பிள்ளையை அன்று மறுபடி பிடி போட விடாதீர்கள். நாளைக்கு அலைக்குப் போகிறாயா என்றும் கேளுங்கள். அடுத்த சில நாட்களில் இதுவரை இல்லாத கழுத்து வலி, தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இரட்டைப் பார்வை, இதில் ஒன்று இருந்தாலும் சுளுக்கு என்று நீவிவிடாமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். கழுத்து ரத்தக் குழாய் உள்ளே கிழிந்திருக்கலாம். போகும்போது கழுத்தில் பிடி விழுந்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.