மானாவாரிக் கோதுமைக்கு மண் பார்ப்பவர்கள் ஓர் அடி ஆழத்தோடு நிறுத்தக் கூடாது

வடகர்நாடகத்தில் விஜயபுரா, பாகல்கோட், தார்வாட் பக்கக் கரிசலில் பாசனம் இல்லாமலே டியூரம் என்ற கெட்டி மணிக் கோதுமை விளைகிறது. செப்டம்பர் மழையை மண் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அக்டோபரில் விதைத்த பயிர் அந்த ஈரத்தைக் குடித்தே கதிர் முற்றும். ஆகவே இங்கே நிலம் பார்ப்பது என்றால், முதலில் அது எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அந்தத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வேர் போய்ச் சேருமா என்று பார்ப்பதுதான். உரப் பரிந்துரைக்காக மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துச் செய்யும் பரிசோதனை இதற்குப் பதில் சொல்லாது. அந்த அறிக்கையை மட்டும் நம்பி விதைத்து, தை மாதத்தில் பயிர் காய்ந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் பலர்.

மண்ணுக்கு முன்பே தட்பவெப்பத்தைப் பார்த்துவிட வேண்டும். கோவில்பட்டிக் கரிசலும் விரிந்து சுருங்கும் களிமண்தான். ஆனால் கோதுமை தூர் கட்டத் தேவையான குளிர் அங்கே இல்லை.

கோடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். மேடு, சரிவு, பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒன்று வேண்டும். ஒரே வயலில் மேட்டில் 40 செ.மீ.யில் முரம்பு (சரளைக் கல் அடுக்கு) தட்டும், பள்ளத்தில் ஒரு மீட்டர் தாண்டியும் களிமண் ஓடும். பழைய பயிரின் வேர் எந்த ஆழத்தில் நின்றுவிட்டது அல்லது பக்கவாட்டில் மடங்கியது என்று கத்தி முனையால் கிளறிப் பாருங்கள். சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) சிதறிக் கிடந்தால் பெரிய பாதகமில்லை. அவை சேர்ந்து பாளமாகியிருந்தால் மண்ணின் ஆழம் அதோடு முடிந்தது என்றே கணக்கு வையுங்கள். 50 செ.மீ.க்குள் தடை வரும் நிலத்தை மானாவாரிக் கோதுமைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது சோடியம். 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் பட்டாணி அளவு காய்ந்த கட்டி ஒவ்வொன்று எடுத்து, கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி, கலக்காமல் மெல்லப் போடுங்கள். கட்டி உதிர்ந்து விழுந்து தண்ணீர் தெளிவாக நின்றால் கவலையில்லை. இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கல் படர்ந்தால் அந்த அடுக்கில் சோடியம் மிகுதி என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே துளைகள் அடைபட்டுத் தண்ணீர் இறங்காது. போர்வெல் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே கலங்கலைத் தடுத்து, கெட்ட மண்ணை நல்லதாகக் காட்டிவிடும். பரிமாற்ற சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சத்து அயனிகளில் சோடியத்தின் பங்கு, 15 சதவீதம் தாண்டினால் களர் (சோடியத்தால் கெட்ட நிலம்) என்பது பாடநூல் வரம்பு. கரிசலில் அதற்கு வெகு முன்பே நீர் இறக்கம் குறையத் தொடங்குகிறது.

உப்பைப் பொறுத்தவரை, மண்ணைக் குழம்பாக்கி வடித்த சாற்றில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 6 டெசிசீமன் வரை கோதுமை தாங்கும். ஆனால் பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கின்றன. அந்த எண் இரண்டு மூன்று மடங்குகூடக் குறைவாக வரும். அறிக்கையில் 3 என்று இருப்பதைப் பார்த்து 6-க்குக் கீழேதானே என்று இருந்துவிட வேண்டாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

விதைப்புக்கு முந்தைய வாரம் ஈரத்தை அளக்க வேண்டும். அடுக்குவாரியாக 100 கிராம் ஈரமண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். 76 கிராம் மிஞ்சினால் 24-ஐ 76-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 32 சதவீதம். ஈர எடையால் வகுத்து 24 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இதில் வாடல் நிலை ஈரத்தை, அதாவது வேரால் உறிஞ்ச முடியாமல் மண்ணிலேயே தங்கிவிடும் ஈரத்தை, கழியுங்கள். அது 19 என்றால் மிச்சம் 13. மண் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம் எனில், ஒரு மீட்டர் ஆழ நிலத்தில் சுமார் 170 மி.மீ. நீர் பயிருக்குக் கிடைக்கும், 60 செ.மீ. நிலத்தில் 100 மி.மீ.தான். 150-க்கு மேல் இருந்தால் கோதுமை போடலாம், 100-ஐ ஒட்டியிருந்தால் கொண்டைக்கடலை போடுவது நல்லது என்பது எங்கள் கணிப்பு.

கீழே 170 இருந்தும் மேல் 5 செ.மீ. காய்ந்துவிட்டால் முளைப்பில் சிக்கல் வரும். குட்டை ரகங்களில், முளையை மூடி மண்ணுக்கு மேலே கொண்டுவரும் முளையுறையின் நீளம் குறைவு. ஈரத்தைத் தேடி 8 செ.மீ.யில் விதைத்தால் பல முளைகள் மண்ணுக்குள்ளேயே மடங்கிவிடும். அந்த நிலத்துக்கு நெட்டை ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.