குக்கூ ராஸ்: இந்த மீனுக்கும் குயிலுக்கும் என்ன உறவு?

'குக்கூ ராஸ்' என்ற ஆங்கில மீன் பெயரைத் தமிழில் அப்படியே 'குயில் மீன்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் இந்த மீன் கூவுவதும் இல்லை, அடுத்தவர் கூட்டில் முட்டையிடுவதும் இல்லை. ஆண் மீனே பாசியைச் சேர்த்துக் கூடு கட்டி முட்டைக்குக் காவல் இருக்கும்.

அப்புறம் குயில் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் இருக்கிறது. அங்கே வசந்த காலத்தில் பூக்கும் ஒரு நீலப் பூவுக்குக் கார்னிஷ் மொழியில் 'குயிலின் பூ' என்று பெயர். வலையில் வந்த ஆண் மீனின் உடம்பில் அந்தப் பூவின் நீலத்தைப் பார்த்த மீனவர்கள் பூவின் பெயரை மீனுக்கு வைத்தார்கள் என்கிறார்கள். குயிலிலிருந்து பூவுக்கு, பூவிலிருந்து மீனுக்கு. தமிழில் 'குயில்' என்று மட்டும் எழுதினால் நடுவில் இருக்கும் பூ காணாமல் போய்விடுகிறது, எனக்கு அதுதான் வருத்தம்.

'ராஸ்' என்பதும் கார்னிஷ் சொல்லிலிருந்து வந்ததுதான். மூலச் சொல்லுக்குப் பொருள் கிழவி. வேல்ஸ் மொழியிலும் அதன் உறவுச் சொல்லுக்கு அதே பொருள்.

அறிவியல் பெயர் லாப்ரஸ் மிக்ஸ்டஸ். லத்தீனில் 'லாப்ரம்' என்றால் உதடு, 'மிக்ஸ்டஸ்' என்றால் கலந்தது. வாயைக் கிட்டத்தில் பார்த்தால் தடித்த உதடும் அதற்குள் கூரான முன்பற்களும் தெரியும். நார்வேயிலிருந்து செனகல் வரையிலும் மத்திய தரைக்கடலிலும் பாறைப்பாங்கான அடித்தளத்தில் வாழ்கிறது, 200 மீட்டர் ஆழம் வரைகூட. பெண் மீன் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு, வால் பக்கம் முதுகில் மூன்று கறுப்புத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே வெள்ளை. ஆணுக்கு ஆரஞ்சு உடம்பில் பளிச்சென்ற நீலக் கோடுகள். ஆச்சரியம் என்னவென்றால், வளர்ந்த பெண் மீன்களில் சில பிறகு ஆணாக மாறி நீலம் பூசிக்கொள்ளும். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த ஒரே இனத்துக்கு லாப்ரஸ் பைமாகுலேடஸ் என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார். ரொம்ப காலம் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீலவரி மீன்' என்றால் பெண் மீன் விடுபட்டுப்போகும். ராஸ் குடும்பத்துக்கே 'உதட்டுமீன்' என்று சொல்லலாம், ஜெர்மன் மொழியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த இனத்துக்கு நான் வைக்கும் பெயர் 'இருகோல உதட்டுமீன்': ஒரே உயிர், இரண்டு கோலம். இந்த மீனைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பெயர் முதல் தடவை வரும்போது பக்கத்தில் 'குக்கூ ராஸ்' என்றும் எழுதிவிடுங்கள், தேடி வருகிறவர்களுக்கு அதுதான் தெரிந்த பெயர்.